கூண்டு காக்குமா?

மட்டாஞ்சேரிக்குப் போனேன் என்று சொன்னால், டச்சு அரண்மனையைப் பார்த்தாயா, யூதத் தெருவில் மிளகு மணத்தை முகர்ந்தாயா என்றுதான் விடுதி நண்பர்கள் கேட்கிறார்கள். சென்ற மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் நான் முகர்ந்ததெல்லாம் இரும்புப் புகை. கடைத்தெருவுக்குப் பின்னால், லாரி நுழையத் தயங்கும் சந்து ஒன்றில் ஒரு வெல்டிங் பட்டறை. அங்கே என் அத்தானின் பிக்கப் வண்டி இருக்கைகளை இழந்து, தரைவிரிப்பை இழந்து, எலும்பும் தோலுமாக நின்றது. அதன் வயிற்றுக்குள் ஓர் இரும்புக் கூண்டு வளர்ந்துகொண்டிருந்தது.

இதற்கு ரோல் கேஜ் என்று பெயர். காட்டிலும் சேற்றிலும் பாறையிலும் ஓட்டும்போது வண்டி உருண்டுவிட்டால், கூரை நசுங்கி உள்ளே இருப்பவர்களை அழுத்தாமல் தாங்குவதற்காகக் குழாய்களை வளைத்துப் பூட்டும் கூண்டு. அத்தானுக்கு அண்மையில் இந்த மலையேற்றப் பித்துப் பிடித்திருக்கிறது. மலேசியாவில் 1997இல் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் என்னும் போட்டி 2014இல் கோவாவுக்கும் வந்தது. மழைக்காலத்தில், வழியே இல்லாத இடத்தில் வண்டியை ஏற்றி இறக்கும் அந்தப் படங்களைப் பார்த்தவர்களுக்குக் கை ஊறுவது இயல்புதான். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் இந்தக் கூண்டைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. அது அத்தானுக்கும் பிடிக்காது. சட்டம் பேசுபவர்களுக்கும் முழுவதும் பிடிக்காது.

முதலில் வேலையைச் சொல்கிறேன். பட்டறையின் தலைமைக் கைவினைஞர் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர். எல்லாருக்கும் ஆசான், எனக்கு மட்டும் அண்ணாச்சி. முதல் நாள் அத்தான் ஒரு குழாயைக் காட்டி, "இது போதுமா?" என்றார். அண்ணாச்சி அதைக் கையில்கூட எடுக்கவில்லை. "இது தண்ணிக் குழாய் சார். தண்ணி போகும். உயிரு நிக்காது" என்றார்.

அவர் சொன்னதை அன்றிரவே நூலகத்தில் சரிபார்த்தேன். பன்னாட்டு மோட்டார் சம்மேளனமான எஃப்.ஐ.ஏ.வின் விதிப்படி, முதன்மை வளைவுக்குத் தையலில்லாத, குளிர்நிலையில் இழுத்த கார்பன் எஃகுக் குழாய்தான் வேண்டும். விட்டம் 45 மில்லிமீட்டர் என்றால் சுவர்த்தடிப்பு 2.5; விட்டம் 50 என்றால் தடிப்பு 2.0. வளைக்கும்போது வளைவின் ஆரம் குழாயின் விட்டத்தைப்போல் மூன்று மடங்குக்குக் குறையக் கூடாது. குறைந்தால் குழாய் உள்வாங்கிச் சப்பையாகிவிடும். உருளும்போது முதலில் மடிவது அந்த இடந்தான். துத்தநாகம் பூசிய வீட்டுக் குழாயோ மலிவு, எங்கும் கிடைப்பது. கறுப்பு வண்ணம் அடித்துவிட்டால் இரண்டுக்கும் வேற்றுமை தெரியாது. பற்றவைப்பவருக்கு மட்டும் தெரியும். துத்தநாகப் புகையைக் குடித்துவிட்டு அன்றிரவு காய்ச்சலில் நடுங்குபவர் அவரல்லவா?

பிக்கப் வண்டியில் இன்னொரு சிக்கல். சாதாரணக் காரைப்போல் இது ஒரே உடல் அன்று. அடியில் நீளச் சட்டம். அதன்மேல் ஆட்கள் அமரும் அறை தனி, பின்னால் சுமைத்தொட்டி தனி. அறை ரப்பர் மெத்தைகளின்மேல் உட்கார்ந்திருக்கிறது. மேடு பள்ளத்தில் சட்டம் முறுக்கும். அறை ஒரு பக்கம் ஆடும், தொட்டி மற்றொரு பக்கம் ஆடும். கூண்டின் பின்கால்களை அறையைத் துளைத்துத் தொட்டியில் பூட்டினால் பார்க்க வீரமாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு உடல்களும் எதிரெதிராக ஆடும்போது நடுவில் அகப்பட்ட இணைப்புகளில் மெல்லிய வெடிப்புகள் விழும். ஆகவே பின்கால்களையும் அறைக்குள்ளேயே இறக்கினார் அண்ணாச்சி. தரைத்தகடு அப்பளம்போல் மெல்லியது. ஒவ்வொரு காலுக்கும் அடியில் மூன்று மில்லிமீட்டர் தடிப்பில், உள்ளங்கையைவிட அகலமான வலுத்தகடு வைத்துப் பாரத்தைப் பரப்பினாலன்றிக் கால் தரையைக் கிழித்துக்கொண்டு இறங்கிவிடும்.

இரண்டாம் ஞாயிறு நான் போனபோது கூண்டு ஏறக்குறைய முடிந்திருந்தது. அழகாகவே இருந்தது. அத்தான் தட்டிப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தார். நான் ஒரு பொறியியல் மாணவனுக்குரிய அரைகுறை அறிவோடு, கூரைக்கும் குழாய்க்கும் நடுவே விரலை நுழைத்துத் தடவினேன். இணைப்பின் கீழ்ப்பாதியில் பற்று மீன்செதில்போல் வரிசையாக இருந்தது. மேல்பாதியில் ஒன்றுமே இல்லை. வெறும் விளிம்பு விரலை அறுத்தது.

"அண்ணாச்சி, மேலே பத்தவைக்கலையே?"

அவர் சற்று நேரம் பேசவில்லை. "துப்பாக்கி நுழையாது தம்பி. கூரை தடுக்குது. எல்லாரும் இப்படித்தான் விடுறாங்க" என்றார். பிறகு தாமாகவே சொன்னார்: "முறை இருக்கு. கால் நிக்கிற இடத்துல தரையில ஓட்டை போட்டு, கூண்டையே கீழ இறக்கிரணும். மேல இடம் கிடைக்கும். சுத்திப் பத்தவச்சுட்டு, திரும்பத் தூக்கி, ஓட்டைமேல தகடு வச்சு மூடணும். ரெண்டு நாள் வேலை. அந்த ரெண்டு நாளுக்கு யாரு கூலி தாராங்க?"

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பேரம் பேசிப் பேசிக் கூலியைக் குறைத்தவர் என் அத்தான். கண்ணுக்குத் தெரியும் பாதிக்குத்தான் பணம் கொடுத்தார். தெரியும் பாதிதான் கிடைத்தது. பாதிச் சுற்றுப் பற்றில் நிற்கும் குழாய் நேரான பாரத்தைத் தாங்கக்கூடும். உருளும் வண்டியில் பாரம் நேராகவா வரும்? ஒரு பக்கமாகத் தள்ளி இணைப்பைப் பிளக்கும். பிளந்த குழாயின் முனை ஈட்டியாகும்.

சரி, எல்லாம் முறைப்படி செய்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதுதான் என் முதன்மையான தடை எழுகிறது. இந்த வண்டி ஞாயிறு மட்டும் மலையேறும் வண்டி அன்று. திங்கள் முதல் வெள்ளிவரை என் அக்காவின் குழந்தைகள் இருவரையும் பள்ளிக்கு ஏற்றிச் செல்கிறது. கூண்டின் முதன்மை வளைவு எங்கே நிற்கிறது? முன்னிருக்கைகளுக்குப் பின்னால். அதாவது பின்னிருக்கையில் அமரும் குழந்தைகளின் முகத்துக்கு நேர் முன்னால், ஐம்பது மில்லிமீட்டர் எஃகு. போட்டி ஓட்டுநர் தலைக்கவசம் அணிகிறார். தோளையும் இடுப்பையும் வார்களால் இறுக்கிக்கொள்கிறார். தலை படக்கூடிய இடமெல்லாம் எளிதில் தீப்பற்றாத மெத்தை சுற்றச் சொல்கிறது விதி. இவை அனைத்தும் சேர்ந்ததுதான் கூண்டு. கூண்டை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட்டால், என்றோ ஒருநாள் வரக்கூடிய உருளலுக்காக, நாள்தோறும் வரக்கூடிய சிறு மோதலில் மண்டையை உடைக்கும் கருவி ஒன்றைச் செய்தவர்கள் ஆவோம். பக்கவாட்டில் விரியும் காற்றுப்பைகள் உள்ள வண்டியென்றால் அவற்றின் வழியையும் குழாய் மறிக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை வைத்து, கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது: உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் தண்டமோ, ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ என்றது. சாலையில் வெறுந்தலையோடு போகும் வண்டிக்கு இது நியாயமே என்பேன். ஆனால் தண்டத்தோடு நின்றுவிடுவது போதாது. கூவும் ஒலிப்பானும் உயிர் காக்கும் கூண்டும் ஒரே கணக்கில் எழுதப்பட்டால், பட்டறைகள் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்யும். சாத்திய கதவுக்குள் மேல்பாதிப் பற்றை யார் தடவிப் பார்ப்பார்கள்? போட்டி வண்டிகளின் கூண்டுகளைத் தகுதியுள்ள பொறியாளர் சோதித்து, முத்திரையிட்டு, சந்துப் பட்டறைகளுக்கும் அந்த முறையைக் கற்றுத்தரும் ஏற்பாடு ஒன்று வேண்டும். நம் பல்கலைக்கழகங்களின் இயந்திரவியல் துறைகள் இதற்கு உதவக் கூடாதா?

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. உருண்டால் நசுங்கும் கூரை யார் தலைமேல் இருக்கிறது? பொழுதுபோக்குக்கு மலையேறும் அத்தானின் தலைமேலா? போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியுமுன் ஜீப்பில் ஏறி, மலை கடந்து, இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகிறார்களே நம் பெண்கள், அவர்கள் தலைமேல் பல வண்டிகளில் படுதாதான் கூரை. 2023 ஆகஸ்ட் 25ஆம் நாள் வயநாட்டில் தலப்புழை அருகே ஜீப் பள்ளத்தில் விழுந்து தேயிலை பறிக்கும் பெண்கள் ஒன்பது பேர் மாண்டார்கள். கூண்டு ஒன்று இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அளவான ஆட்களும் இருக்கை வாரும் இன்றிக் கூண்டால் பயனில்லை. ஆனால் சுவீடன் நாடு 1959லேயே புதிய டிராக்டர்களுக்கெல்லாம் சோதித்த பாதுகாப்புச் சட்டகத்தைக் கட்டாயமாக்கியது. கவிழ்ந்த டிராக்டருக்கு அடியில் உழவர் சாவது அங்கே பெரிதும் குறைந்தது. அது பந்தயக்காரனுக்காகச் செய்ததன்று, உழைப்பவனுக்காகச் செய்தது. மலைத்தோட்ட ஜீப்புக்கும் அப்படி ஒன்றை, ஆள்கணக்கோடும் வாரோடும் சேர்த்துக் கேட்க நமக்கு ஏன் நா எழவில்லை?

மூன்றாம் ஞாயிறு அத்தான் அந்த இரண்டு நாள் கூலியைக் கொடுத்தார். முணுமுணுத்துக்கொண்டுதான் கொடுத்தார். அண்ணாச்சி தரையில் ஓட்டை போட்டுக் கூண்டை ஒரு சாண் இறக்கி, மேல்பாதியைச் சுற்றிப் பற்றவைத்தார். முடித்ததும் என்னைக் கூப்பிட்டு, "விரலை விட்டுப் பாரு தம்பி" என்றார். பின்னிருக்கை இன்னும் பட்டறை மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. அதை மறுபடியும் வண்டியில் பூட்டுவதா, குழந்தைகளுக்கு வேறு வண்டி பார்ப்பதா என்பதில் எனக்கும் அத்தானுக்கும் வழக்குத் தீரவில்லை. அக்கா என் பக்கம்.