டீன் ஜோன்ஸ் 210: சேப்பாக்கத்தின் 'வீரக்கதை' பற்றி ஒரு த்ரெட்

சேப்பாக்கம் மைதானத்தின் மறக்க முடியாத தருணங்கள்னு யார் பட்டியல் போட்டாலும் இது கட்டாயம் இருக்கும். 1986 செப்டம்பர், டைடு டெஸ்ட், டீன் ஜோன்ஸ் 210. ஆடுகளத்திலேயே வாந்தி எடுத்தார், பேன்ட்டிலேயே சிறுநீர் போனது, அவுட் ஆனதும் ஆஸ்பத்திரியில் ட்ரிப்ஸ். கடைசி வரி எப்பவும் ஒண்ணுதான்: "இதுதான் மனவலிமை." வருஷா வருஷம் செப்டம்பரில் இந்த ஃபார்வர்ட் வந்துடும்.

டைடு டெஸ்ட் பட்டியலில் இருக்கட்டும். அந்த வாந்தியையும் ட்ரிப்ஸையும் வீரம்னு கொண்டாடுறதைத்தான் நிறுத்தணும்னு சொல்றேன். கிரிக்கெட் பிடிக்காதவன் வந்து சொல்றான்னு நினைக்காதீங்க. சின்ன வயசுலேர்ந்து சேப்பாக்கம் பைத்தியம் நான்.

அந்த மேட்ச் தெரியாதவங்களுக்காக. செப்டம்பர் 18 முதல் 22 வரை. ஆஸ்திரேலியா முதல் இன்னிங்ஸில் 7 விக்கெட்டுக்கு 574 டிக்ளேர். கபில்தேவ் 119 அடிச்சு ஃபாலோ-ஆனைத் தவிர்த்தார். கடைசி நாள் நமக்கு இலக்கு 348. கவாஸ்கர் 90. ஒரு பக்கம் ரவி சாஸ்திரி 48 நாட் அவுட், மறுபக்கம் கிரெக் மேத்யூஸ் பந்தில் மணிந்தர் சிங் எல்பிடபிள்யூ. 347. டை. டெஸ்ட் வரலாற்றில் அதுக்கு முன்னாடி 1960-ல் பிரிஸ்பேனில் ஒரே ஒரு தடவைதான் இப்படி நடந்திருக்கு. (மணிந்தர் பேட்டில் பட்டுச்சா இல்லையான்னு எங்க பெரியப்பா தலைமுறை இன்னும் சண்டை போடுது. அதுக்குள்ள நான் போகலை.)

ஜோன்ஸ் ரெண்டு வருஷம் கழிச்சு டெஸ்ட் அணிக்குத் திரும்பி வந்திருந்தார். டீமில் இடம் உறுதி இல்லை. இதை மனசில் வச்சுக்கோங்க, பின்னாடி வேணும். 8 மணி நேரத்துக்கும் மேல் பேட்டிங். பக்கத்தில் பக்கிங்காம் கால்வாய் நாற்றம். நம்ம ஊர் செப்டம்பரில் தெர்மாமீட்டர் எண்ணை விடக் கொடுமையானது காற்றில் இருக்கும் ஈரம். வேர்வை வழியும், ஆனா காயாது. வேர்வை காய்ஞ்சாதான் உடம்பு குளிரும். காயலைன்னா உப்பும் தண்ணியும் போனதுதான் மிச்சம்.

தசைப்பிடிப்பு. ஓயாத வாந்தி. சிறுநீர் கட்டுப்பாடு போச்சு. இன்னிங்ஸின் பிற்பகுதி பெருசா ஞாபகமே இல்லைன்னு பின்னாடி அவரே சொல்லியிருக்கார். ரசிகர்கள் இந்தக் கடைசி விஷயத்தை ரொம்ப ரசிச்சுச் சொல்வாங்க. எனக்கு அதுதான் அடிவயிற்றைக் கலக்குது. வெயிலில் நிற்கிற ஆளுக்கு நினைவு தடுமாறுதுன்னா மூளை சூடாகுதுன்னு அர்த்தம். உடம்பின் உள் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, மூளையும் தடுமாறினா அதுக்குப் பேர் ஹீட் ஸ்ட்ரோக். அடுத்து கிட்னி, கல்லீரல், ரத்த உறைவுன்னு ஒவ்வொண்ணா கழன்று போகும். இப்படி ஒருத்தர் என் கேஷுவாலிட்டிக்கு வந்தா நான் ஸ்கோர் கேட்கமாட்டேன். ரெக்டல் டெம்பரேச்சர் பார்ப்பேன்.

170 ரன் வாக்கில் ஜோன்ஸ், முடியலை, போறேன்னார். எதிர்முனையில் கேப்டன் ஆலன் பார்டர். முடியலைன்னா போ, தெம்பான ஒரு குயின்ஸ்லாந்துக்காரனைக் கூப்பிட்டுக்கறேன்னு சொன்னார். ஜோன்ஸ் விக்டோரியாக்காரர். நம்ம ஊர் கணக்குல சென்னைப் பையன்கிட்ட "நீ போப்பா, ஒரு மதுரைக்காரனை வரச் சொல்றேன்"னு சொல்ற மாதிரி. ரோஷம் பொத்துக்கிட்டு வந்து அவர் 210 வரைக்கும் போனார்.

இதைத்தான் தலைமைப் பண்புன்னு மேடையில் சொல்றாங்க. டீமில் இடம் போயிடுமோன்னு பயத்தில் நிற்கிற ஒருத்தன் உடம்பு முடியலைன்னு வாய்விட்டுச் சொன்னான். அதிகாரம் உள்ளவர் அவன் ஊரை இழுத்து ரோஷம் ஏத்திவிட்டார். பிழைச்சுக்கிட்டதால கதை ஆச்சு. பிழைக்காம போயிருந்தா? (ஜோன்ஸ் 2020 செப்டம்பரில் 59 வயசில் மும்பையில் இறந்தார். அதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போட்டு யாரும் கமென்ட் போடாதீங்க. மருத்துவரீதியா அதுக்கு ஆதாரம் கிடையாது.)

40 வருஷத்துக்கு முந்தின கதைக்கு இப்ப ஏன் கோவம்னு கேட்பீங்க. நான் வேலை பார்க்கிறது வல்லம் வடகால், ஓரகடம் பக்கம். சுற்றிலும் சிப்காட். இங்க ஒரு கம்பெனியில் (பேர் வேண்டாம்) மார்ச் மாசம் பாதுகாப்பு வார விழா. என்னையும் முதலுதவி பத்திப் பேசக் கூப்பிட்டிருந்தாங்க. எனக்கு முன்னாடி பேசின மோட்டிவேஷன் பேச்சாளர் சொன்னது இந்த ஜோன்ஸ் கதையைத்தான். பாதுகாப்பு வாரத்தில்! கீழே உட்கார்ந்திருந்தது கான்ட்ராக்ட் பசங்க. பாதிப் பேர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட். கைதட்டினாங்க.

அந்தப் பசங்க நிலைமையும் 1986 ஜோன்ஸ் நிலைமையும் ஒண்ணுதான், இடம் நிரந்தரம் இல்லை. "முடியலை சார்"னு சொன்னா நாளைக்கு வேற ஆள். அதனால சொல்லமாட்டாங்க. ஏப்ரல், மே மாசம் மதிய ஷிப்டிலிருந்து கொண்டு வருவாங்க. ஷீட் கூரைக்குக் கீழே லோடு ஏத்தினவன், கம்பி கட்டினவன். சட்டையில் உப்பு வெள்ளையா பூத்திருக்கும். சிறுநீர் கோலா நிறத்தில் வரும். தசை சிதைஞ்சு கிட்னியை அடைக்க ஆரம்பிச்சதுக்கு அது அடையாளம். காலையிலிருந்தே தலை சுத்துச்சா தம்பின்னா ஆமாம்பான். ஏன் சொல்லலைன்னு கேட்டா சிரிப்பான்.

"டாக்டர், விளையாட்டையும் வேலையையும் போட்டுக் குழப்பாதீங்க, விளையாட்டுன்னா வலியைத் தாங்கணும்"னு ஒரு குரூப் வரும். அவங்களுக்கு கும்ப்ளேவை ஞாபகப்படுத்துறேன். 2002 ஆன்டிகுவா, உடைஞ்ச தாடையில் கட்டுப் போட்டுக்கிட்டு வந்து லாராவை எடுத்தார். அந்த போட்டோ பார்த்து நானும் புல்லரிச்சவன்தான். ஆனா அதே கிரிக்கெட் தலையில் அடிபட்டா என்ன பண்ணணும்னு கத்துக்கிச்சு. 2014-ல் ஃபில் ஹியூஸ் பவுன்சர் பட்டு இறந்த பிறகு நிலைமை மாறி, 2019 ஆகஸ்ட் முதல் மூளை அதிர்ச்சி வந்தா மாற்று வீரர் இறங்கி பேட், பவுல் எல்லாம் பண்ணலாம்னு ஐசிசி விதியே போட்டுடுச்சு. முதல் மாசமே லார்ட்ஸில் ஸ்மித்துக்குப் பதில் லபுஷேன் இறங்கினார். ஸ்மித் கோழைன்னு யாராவது சொன்னாங்களா? மண்டைக்கு ஒரு நியாயம், வெயிலுக்கு ஒரு நியாயமா?

வெயில் என்ன பண்ணும்னு தெரிஞ்சுக்க 1986 வரைக்கும் போக வேண்டாம். 2024 அக்டோபர் 6, மெரினாவில் விமானப்படை சாகச நிகழ்ச்சி. சேப்பாக்கம் மைதானத்திலிருந்து நடந்து போற தூரம். பல லட்சம் பேர் கூடினாங்க, 5 பேர் திரும்பி வரலை. அதே மாசம்தான் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடரா அறிவிச்சு, இறந்தவங்க குடும்பத்துக்கு 4 லட்சம்னு ஆணை போட்டது. நல்ல விஷயம். ஆனா செத்த பிறகு வர்ற பணம் அது.

சேப்பாக்கத்தில் கொண்டாட வேற எதுவும் இல்லையா என்ன? 1932-ல் டெஸ்ட் ஆட ஆரம்பிச்ச இந்தியா 1952 பிப்ரவரியில் முதல் டெஸ்ட் வெற்றியைப் பார்த்தது இங்கதான், வினு மன்கட் 12 விக்கெட். 1988-ல் ஹிர்வானி தன் முதல் டெஸ்டிலேயே 16 விக்கெட். இதெல்லாம் விட எனக்குப் பெருசு 1999 ஜனவரி. இலக்கு 271, சச்சின் 136, 254-ல் அவர் அவுட், மிச்ச மூணு விக்கெட் நாலு ரன்னில் காலி. 12 ரன்னில் தோல்வி, அதுவும் பாகிஸ்தான்கிட்ட. டிவி முன்னாடி அழுதேன். அப்ப கேலரி மொத்தமும் எழுந்து நின்னு பாகிஸ்தான் டீமுக்குக் கைதட்டுச்சு. அவங்க மைதானத்தைச் சுத்தி ஓடி வந்தாங்க. இந்தக் கதையை மேடையில் சொல்லுங்க, நானும் கைதட்டுறேன். (சச்சின் முதுகுவலியோட ஆடினதை மட்டும் சொல்லிட்டு கேலரியை விட்டுடாதீங்க.)

ஹெச்ஆர் நண்பர்கள் நிறைய பேர் என்னை ஃபாலோ பண்றீங்க. உங்களுக்கு: வெயில் காலத்தில் குளிர்ந்த குடிநீர் தரணும்னு 250 பேருக்கு மேல் உள்ள ஆலைகளுக்கு 1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதியிருந்தாங்க. சலுகை மாதிரி போர்டு வைக்காதீங்க. வெப்பத்துக்கு உடம்பு பழக ஒண்ணுலேர்ந்து ரெண்டு வாரம் ஆகும். வேலையிடத்து வெப்ப மரணங்களில் பெரும்பகுதி முதல் சில நாட்களிலேயே நடக்குது. அதனால புது ஆளுக்கு முதல் நாள் அஞ்சில் ஒரு பங்கு நேரம்தான் சூட்டில் வேலை, அப்புறம் தினம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். ஊருக்குப் போய்த் திரும்பினவனையும் புது ஆளாவே நடத்துங்க. வெறும் தண்ணியை மட்டும் லிட்டர் கணக்கில் குடிக்க வச்சா ரத்தத்தில் உப்பு இறங்கி வலிப்பு வரும். ஓஆர்எஸ், உப்புப் போட்ட மோர், கஞ்சி கொடுங்க.

லைனில் பக்கத்தில் நிற்கிறவங்களுக்கு: பேச்சு குழறுது, சம்பந்தமில்லாம பேசறான், தள்ளாடறான்னா வாயில் எதுவும் ஊத்தாதீங்க. 108-க்கு போன் போட்டுட்டு வண்டி வர்ற வரைக்கும் சும்மா நிக்காதீங்க. நிழலுக்கு இழுத்துட்டுப் போய், சட்டையைக் கழட்டி, தலையிலிருந்து கால் வரை தண்ணி ஊத்திக்கிட்டே ஃபேனைத் திருப்பி விடுங்க. ஐஸ் இருந்தா கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வைங்க. இல்லைன்னா குழாய்த் தண்ணி போதும். சூப்பர்வைசர் வரட்டும்னு காத்திருக்க வேண்டாம்.