கதைக்கும் கணக்கு உண்டு

அமெரிக்காவின் தென் கரோலினாவில் 1740-ல் ஒரு சட்டம் வந்தது. அடிமைக்கு எழுதக் கற்றுக்கொடுத்தால் 100 பவுண்டு அபராதம். அடுத்த நூறாண்டுக்குள் வர்ஜீனியா, அலபாமா போன்ற மாநிலங்கள் எழுத்தோடு வாசிப்பையும் சேர்த்துத் தடை செய்தன. ஏட்டைத் தொடக் கூடாது என்று விரட்டப்பட்டவர்களுக்கு மிஞ்சியது நாக்கு ஒன்றுதான். ஆப்பிரிக்காவிலிருந்து அவர்களோடு கப்பலேறிய முயலும் சிலந்தியும் அந்த நாக்கில்தான் பிழைத்துக்கிடந்தன. பலமில்லாத முயல் பலசாலி நரியை ஏமாற்றும் கதையை எஜமானர் வீட்டுக் குழந்தைகளும் கேட்டுச் சிரித்தார்கள். நரி யார் என்பது சொன்னவருக்குத் தெரியும்.

அந்தச் சந்ததியில் வந்தவர்கள் இன்று ஊர் கூட்டிக் கதை சொல்ல வேண்டுமானால் முதலில் மினிட் புத்தகம் எழுத வேண்டியிருக்கிறது. தலைவர், செயலாளர், பொருளாளர், ரசீது, வங்கிக் கணக்கு, வருமான வரித்துறைக்கு ஆண்டுக்கொரு படிவம். சம்பளம் கிடையாது. கதை கேட்கப் போகிறவர்கள் மேடையில் நிற்பவரைத்தான் பார்க்கிறார்கள். மண்டபத்துக்குக் கையெழுத்துப் போட்டவரை யாரும் பார்ப்பதில்லை.

இந்த வேலையைத் தலையில் போட்டுக்கொண்ட இரண்டு பெண்களில் மூத்தவர் மேரி கார்ட்டர் ஸ்மித். 1919-ல் அலபாமாவின் பர்மிங்ஹாமில் பிறந்து, பால்டிமோர் நகரப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் ஆசிரியராகவும் நூலகராகவும் இருந்தவர். பாடப் புத்தகத்தில் தங்களைப் போன்ற முகம் ஒன்றுகூட இல்லாத பிள்ளைகளுக்கு அவர் வகுப்பறையிலேயே கதைகளைச் சொன்னார். 1973-ல் வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் கதைக்கே வந்துவிட்டார். ஆப்பிரிக்க உடையில், பாட்டும் பேச்சுமாகச் சொல்வார். சிண்ட்ரெல்லாவைப் பால்டிமோர் பெண்ணாக்கி அவர் சொன்ன கதை வெகு பிரபலம்.

இளையவர் லிண்டா காஸ். டென்னசியில் அலுமினியத் தொழிற்சாலையை நம்பியே எழுந்த அல்கோவா என்ற சிற்றூரில் வளர்ந்தவர். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்ட கதைகளோடு வாஷிங்டனுக்கும் பிறகு ஃபிலடெல்ஃபியாவுக்கும் போனார். மணியடித்துக் கூட்டத்தைக் கூப்பிடுவது அவர் பாணி.

1973-ல் டென்னசியின் ஜோன்ஸ்பரோவில் தொடங்கிய தேசியக் கதைவிழாவுக்குப் பிறகு அமெரிக்காவில் கதை சொல்வது மறுபடி கௌரவமான கலையாகிவிட்டது. ஆனால் இப்படி முளைத்த விழா மேடைகளில் கறுப்பர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அழைப்பு வரவில்லையே என்று புலம்புவதற்குப் பதில் இரண்டு பேரும் தாங்களே அழைப்பு அனுப்பினார்கள். பால்டிமோரின் மார்கன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 1983-ல் முதல் விழா நடந்தது. அதன் தொடர்ச்சியாகச் சங்கம் உருவானது. இன்று அது தேசியக் கறுப்பினக் கதைசொல்லிகள் சங்கம்.

இவர்கள் அவசரப்பட்டதற்குப் பழைய காரணம் ஒன்றும் உண்டு. அந்த முயல் கதைகளை 1880-ல் புத்தகமாக்கிப் பெயர் வாங்கியவர் ஜோயல் சாண்ட்லர் ஹாரிஸ் என்ற அட்லாண்டா வெள்ளைக்காரப் பத்திரிகையாளர். கதையைக் கொடுத்த அடிமைகளுக்குப் பதில் 'ரீமஸ் மாமா' என்ற கற்பனைக் கிழவர் அட்டையில் உட்கார்ந்தார். ஸோரா நீல் ஹர்ஸ்டன் என்ற கறுப்பினப் பெண் தன் சொந்த ஊரான ஃபுளோரிடாவின் ஈட்டன்வில்லுக்கே திரும்பிப் போய்த் திண்ணைப் பேச்சைக் கேட்டு எழுதிய புத்தகம் 1935-ல் வந்தது. 1960-ல் அவர் வறுமையில் இறந்தபோது கல்லறைக்கு ஒரு கல் நடக்கூட ஆளில்லை. 1973-ல் எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் தேடிப் போய் நட்டார். சங்கம் தரும் முக்கியமான விருது ஒன்றுக்கு ஹர்ஸ்டன் பெயரை வைத்திருப்பது வெறும் மரியாதைக்காக மட்டும் இருக்க முடியாது.

ஆக, காகிதம் இவர்களுக்குப் பழைய விரோதி. இப்போது அதையே கையில் பிடித்துக்கொண்டுதான் காரியம் நடக்கிறது. அமெரிக்க வரிச் சட்டத்தின் 501 (சி) (3) பிரிவில் பதிவான அமைப்புக்கு நன்கொடை தருபவர் வரிச் சலுகை பெறலாம். அறக்கட்டளைகளும் தயங்காமல் பணம் தரும். இதற்குப் பதிலாக ஒவ்வோர் ஆண்டும் கணக்குக் காட்ட வேண்டும். ஆண்டு வரவு வழக்கமாக 50,000 டாலருக்கு மிகாத சிறிய சங்கங்களுக்கு மின் அஞ்சலட்டை என்று பெயர் பெற்ற சின்னப் படிவம் போதும். சில நிமிட வேலை. ஆனால் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அனுப்பாவிட்டால் வரிச் சலுகை தானாகவே ரத்தாகும். 2006-ல் வந்த இந்த விதியால் 2011 ஜூனில் ஒரே அறிவிப்பில் சுமார் 2,75,000 அமைப்புகள் அந்தஸ்தை இழந்தன. செயல்படாமல் பெயரளவில் கிடந்தவை பல. உயிரோடு இருந்தும் படிவம் அனுப்ப மறந்தவையும் அதில் உண்டு. பொருளாளர் நோயில் படுத்தாலோ வேறு ஊருக்கு மாறினாலோ, அடுத்தவர் யார் என்று எழுதி வைக்காத சங்கம் கண்ணெதிரே கரைந்துவிடும். கதை சொல்லத் தெரிந்தவர்களுக்குக் கணக்கு எழுதப் பிடிப்பதில்லை என்பது எந்த நாட்டிலும் புதிய செய்தி அல்ல.

இதில் ஒரு தர்மசங்கடமும் இருக்கிறது. இந்த மரபில் பெரியவர்களுக்குத்தான் முதல் மரியாதை. மேடையேறும் முன் அவர்களிடம் அனுமதி கேட்பது வழக்கம். கதைக்கு நடுவில் கூட்டமும் பதில் குரல் கொடுக்க வேண்டும். நாம் 'ம்' கொட்டுவதைப் போல. ஆனால் நிர்வாகக் குழுவில் தேர்தலும் பதவிக்காலமும் உண்டு, 20 பேர் பேச வேண்டிய மாலையில் ஆளுக்கு இத்தனை நிமிடம் என்ற கணக்கும் உண்டு. எண்பது வயதுக்காரர் கதையின் உச்சத்தில் இருக்கும்போது 'நேரம் முடிந்தது' என்று சீட்டு நீட்டுவது யார்? சம்பளம் இல்லாத அந்த இளைய தொண்டர்தான். திட்டு வாங்குவதும் அவரே.

பணமும் லேசான சிக்கல் இல்லை. கதை சொல்வது தொழில். அதற்குக் கூலி உண்டு என்று நிலைநாட்டத்தான் சங்கமே வந்தது. அந்தச் சங்கத்தை நடத்துபவர்கள் கூலியில்லாமல் உழைக்கிறார்கள். டிக்கெட் விலையை ஏற்றினால் யாருக்காகக் கதையோ அவர்கள் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். இலவசம் என்றால் கதைசொல்லியின் ரயில் செலவுக்குக்கூடக் கையேந்த வேண்டும். இந்த இழுபறிக்கு நிரந்தரத் தீர்வு யாரிடமும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆண்டுக்காண்டு சமாளிக்கிறார்கள், அவ்வளவுதான்.

சமாளிக்க முடிவதற்கு ஒரு காரணம், எல்லாவற்றையும் தலைமையே பிடித்துக்கொள்ளாமல் விட்டது. பால்டிமோர் பக்கம் மேரிலாந்து கிரியோக்கள் வட்டம், ஃபிலடெல்ஃபியாவில் பண்பாட்டுக் காவலர்கள் என்ற குழு என்று ஊருக்கு ஊர் கிளைகள் உண்டு. (கிரியோ என்பது மேற்கு ஆப்பிரிக்காவில் குல வரலாற்றைப் பாடிக் காப்பவர்.) மினியாபொலிஸில் நொதாண்டோ ஜூலு, வுசுமுஸி ஜூலு தம்பதி கறுப்பினக் கதைசொல்லிகளுக்கென்றே ஓர் அமைப்பைக் கட்டி வளர்த்தார்கள். தேசிய விழாவும் ஒரே ஊரில் தங்குவதில்லை, ஆண்டுக்கொரு நகரம். போகிற ஊரில் உள்ளூர்த் தொண்டர்கள் மண்டபம் பிடிப்பார்கள், சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்வார்கள். வந்திருக்கும் கதைசொல்லிகளை எந்தப் பள்ளிக்கு, எந்த முதியோர் இல்லத்துக்கு, எந்தச் சிறைக்கு அனுப்புவது என்று பட்டியல் போடுவார்கள். 'ஒரு கதைசொல்லியைத் தத்தெடுங்கள்' என்பது அந்தத் திட்டத்தின் பெயர்.

ஸ்மித் 2007-ல் காலமானார். பெரிய ஆளுமை ஒருவரைச் சுற்றி எழுந்த பல அமைப்புகள் அவரோடு முடிந்துபோவது வழக்கம். இந்தச் சங்கம் முடியவில்லை. 2019-ல் காஸுக்கு அமெரிக்க அரசின் தேசிய மரபுக் கலைஞர் விருது கிடைத்தது. விருதுத் தொகை 25,000 டாலர். சங்கத்தின் தலைமைப் பொறுப்பு அதற்கு வெகுகாலம் முன்பே மற்றவர்கள் கைக்குப் போயிருந்தது.

1978-ல் ஸ்மித்தின் ஒரே மகன் கொலை செய்யப்பட்டார். கொன்ற பெண்ணைத் தான் மன்னித்துவிட்டதாக அந்தத் தாய் வெளிப்படையாகச் சொன்னார். முதல் விழாவுக்கு அவர் மண்டபம் தேடி அலைந்தது அது நடந்து ஐந்து ஆண்டுகளில்.