பாஸ்போர்ட்டின் நிறம்

2022 ஜூலைக் கடைசியில் ஐக்கிய அரபு அமீரகத்தின் கிழக்குக் கரையில் பேய்மழை. அதிகம் அடிபட்டது புஜைரா. ஹஜர் மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் தெருக்களுக்குள் புகுந்து கார்களைப் புரட்டிப் போட்டது. ஏழு பேர் இறந்ததாக அறிவிப்பு வந்தது. அறிவிப்பில் அவர்கள் 'ஆசிய நாட்டவர்'. பெயர் இல்லை, ஊர் இல்லை.

வளைகுடாப் பத்திரிகைகளை வாசித்துப் பழகியவர்களுக்கு இது உறுத்தாது. திருடிப் பிடிபட்டவனும் ஆசியன், சாரத்திலிருந்து விழுந்தவனும் ஆசியன். அந்தச் சொல்லுக்குள் ஜப்பானியரும் அடக்கம் என்று அங்கே யாரும் நினைப்பதில்லை. இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளம், இலங்கை என்று வந்திறங்கும் உழைப்பாளிகளுக்கான கூட்டுப்பெயர் அது.

இதைத் தோல் நிறத்தின் கதை என்று நினைத்தால் பாதிதான் புரியும். வளைகுடாவில் பேர்போன ஒரு வழக்கம் உண்டு. இந்தியப் பாஸ்போர்ட்டோடு வேலை பார்த்த பொறியாளர் கனடாவுக்குக் குடிபெயர்வார். சில ஆண்டுகளில் அந்நாட்டுக் குடிமகனாகி அதே வளைகுடாவுக்குத் திரும்புவார். அதே ஆள், அதே பட்டம், அதே தோல். சம்பளம் மட்டும் வேறு. வசதி உள்ளவர்கள் பாகுபாட்டை எதிர்கொள்ளும் வழி இதுதான்: அடுக்கை மாற்ற முடியாதா, பாஸ்போர்ட்டை மாற்று.

2019-இல் கத்தாருக்குச் சென்ற ஐ.நா. இனவெறி எதிர்ப்புச் சிறப்பு அறிக்கையாளர் டெண்டாயி அச்சியூமே, பிறந்த நாட்டை வைத்து நடைமுறையில் ஒரு சாதி அமைப்பே இயங்குவதாக எழுதினார். சாதி என்ற சொல்லை அவர் தேடிப் பிடித்ததில் நமக்கு வியப்பில்லை. வேறெந்தச் சொல் பொருந்தும்?

இந்த அடுக்கை அரபிகள் கண்டுபிடித்ததாகச் சொல்வது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி. எண்ணெய்க் கம்பெனிகள் கொண்டுவந்த சரக்கு இது. சவுதியின் தஹ்ரானில் அராம்கோ அமெரிக்கர்களுக்கு வேலி போட்ட குடியிருப்பும் சவுதிகளுக்குத் தனி முகாமும் வைத்திருந்தது. 1953-இல் சவுதித் தொழிலாளர்கள் பெருந்திரளாக வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 1956-இல் மறுபடியும். அதன்பின் வேலைநிறுத்தமே தடை செய்யப்பட்டது. அன்று கீழ்த்தட்டில் நின்றவன் அரபி. இன்று அந்த இடத்துக்கு நாம் வந்திருக்கிறோம்.

வந்தோம் என்பதைவிட, அனுப்பப்பட்டோம். 2020 செப்டம்பரில், கொரோனாக் காலத்தில், வளைகுடா போகும் இந்தியத் தொழிலாளிக்கான குறைந்தபட்ச ஊதியப் பரிந்துரையை நம்முடைய டெல்லியே 200 டாலர் அளவுக்கு இறக்கியது. விலை குறைந்தால்தான் நம் ஆட்களுக்கு வேலை கிடைக்கும் என்ற கணக்கு. பிலிப்பைன்ஸ் அரசு 2006-லேயே தன் வீட்டு வேலையாட்களுக்கு 400 டாலர் கேட்டது. சுவரில் இனவெறி எழுதுவது வளைகுடாக்காரர்கள் என்றால், சுண்ணாம்பு குழைத்துக் கொடுப்பது யார்? தெலங்கானா உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. மறு ஆண்டில் டெல்லி பின்வாங்கியது.

அதற்கு முன் 2018 ஜனவரியில், பத்தாம் வகுப்பு தேறாத தொழிலாளிகளுக்கு ஆரஞ்சு நிற அட்டை போட்ட பாஸ்போர்ட் என்றார்கள். தூரத்திலேயே தெரிந்துவிடும் அல்லவா, வருகிறவன் யாரென்று! எதிர்ப்பு கிளம்பியதும் அந்த மாதமே கைவிட்டார்கள். இரண்டு முறையும் கத்தினோம், இரண்டு முறையும் பலித்தது.

வளைகுடாவில் இருக்கும்போதோ நாம் அப்படிக் கத்துவதில்லை, நமக்குக் கீழே ஒருவனைத் தேடுகிறோம். புஜைராவின் குரோசரிக் கதவுகளில் ஒட்டியிருக்கும் துண்டுச் சீட்டுகளைப் படித்துப் பாருங்கள். 'பெட் ஸ்பேஸ், கேரள பேச்சிலர்களுக்கு மட்டும்'. 'தமிழ் எக்ஸிக்யூட்டிவ்களுக்கு மட்டும்'. தொழிற்பேட்டைப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் சொன்னார்: "எங்க முதீர், அதான் மேனேஜர், என்னை 'ஏய் ரஃபீக்'னு கூப்பிடுறாரு சார். ரஃபீக்னா நண்பன்னுதான் அர்த்தம். ஆனா கூப்பிடுற தொனி இருக்கே, பத்திக்கிட்டு வரும்." அடுத்த நிமிடமே ஹெல்பரைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஏ பெங்காளி, இதர் ஆவ்!" அந்தப் பையனுக்கும் ஒரு பெயர் இருக்கும். இவர் கேட்டதாகத் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

ஒடுக்கப்பட்டவர் ஒன்றுசேர்வார் என்பது மேடைப் பேச்சு. பாதி நேரம் அவர் ஒரு படி மேலே ஏறி நின்று கீழே மிதிக்கிறார். அடுக்குமுறை ஆள் வைக்காமலே தன்னைக் காத்துக்கொள்வது இப்படித்தான்.

சேர்ந்த நேரங்களும் உண்டு. 2006 மார்ச்சில், பின்னாளில் புர்ஜ் கலீஃபா என்று பெயர் மாற்றப்பட்ட கோபுரத்தின் கட்டுமானத்தில் ஏறத்தாழ 2,500 தொழிலாளர்கள் கொதித்தெழுந்தார்கள். பெரும்பாலும் தெற்காசியர்கள். வேலைநிறுத்தத்துக்கு அங்கே உரிமை கிடையாது, தொழிற்சங்கமும் கிடையாது, நாடுகடத்தல் உண்டு. ஆனாலும் 2007-இலும் வேலை நின்றது. 2009-இல், சம்பளம் வங்கி வழியாகத்தான் போக வேண்டும், தவறினால் அரசுக்குத் தெரியும் என்ற ஏற்பாடு வந்தது. பாக்கிச் சம்பளத்துக்குக் காத்துக் கிடந்தவனுக்கு அதன் அருமை தெரியும்.

சட்டம் இல்லாமலும் இல்லை. இனம், நிறம், மதம் சொல்லிப் பாகுபாடு காட்டுவது 2015 முதல் அமீரகத்தில் குற்றம். அபராதம் 5 லட்சம் திர்ஹம் தொடங்கி 10 லட்சம் வரை. 2021-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் பிறந்த நாட்டையும் பட்டியலில் சேர்த்தது. வாயால் திட்டினால் மாட்டிக்கொள்ளலாம். சம்பளச் சீட்டு யாரையும் திட்டுவதில்லையே! பாகுபாடு குடியிருப்பது அந்தச் சீட்டில்தான்.

அதைத் தொடும் வழியைக் கத்தார் காட்டிவிட்டது. 2021 மார்ச் முதல் எந்த நாட்டவராக இருந்தாலும் அடிப்படைச் சம்பளம் 1,000 ரியாலுக்குக் குறையக் கூடாது. உறைவிடமும் உணவும் தராத முதலாளி கூடுதலாக 800 கொடுக்க வேண்டும். தொகை சிறிதுதான். ஆனால் பாஸ்போர்ட்டைப் பார்க்காத தொகை. அமீரகச் சட்டம் இப்படியொன்றை நிர்ணயிக்கும் அதிகாரத்தை அமைச்சரவைக்குக் கொடுத்திருக்கிறது. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு அது இன்னும் நிர்ணயிக்கப்படவில்லை. 2022-இல் அமீரகத்தோடு வர்த்தக ஒப்பந்தம் போட்ட இந்தியா, அடுத்த பேச்சுவார்த்தையில் இந்த ஒன்றைக் கேட்கட்டும். ஆண்டுதோறும் ஜனவரி 12-இல் அயலகத் தமிழர் தினம் கொண்டாடும் தமிழக அரசு, டெல்லியைக் கேட்க வைக்கட்டும். கேட்கும்போது இந்தியனுக்கு மட்டும் என்று கேட்க வேண்டாம். அந்த வங்கதேசத்துப் பையனுக்கும் சேர்த்துக் கேளுங்கள்.