எல்லை தாண்டினால்தான் மனைவியா?

கடல்கடந்த பயணத்தைப் பெண்ணோடு மேற்கொள்ளும் வழக்கமில்லை என்று தொல்காப்பியப் பொருளதிகாரம் ஒரு விதி சொல்கிறது. அதை நடத்தும்போதெல்லாம் வகுப்பில் ஒரு சிரிப்பு எழும். அவ்விதி எந்தெந்தப் பிரிவுக்குப் பொருந்தும் என்பதில் உரையாசிரியர்கள் வேறுபடுகிறார்கள். மாணவர்களுக்கோ அது ஒரு பழங்காலத்து வேடிக்கை. பல ஆண்டுகளாக நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்து வந்தவன்தான். இப்போது சிரிப்பு வருவதில்லை. அந்தப் பழைய தடையோடு ஒரு வருமானத் தொகையையும் ஒரு மொழித்தேர்வையும் சேர்த்து, ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக்கி, இன்றைய ஐரோப்பிய அரசுகள் சில தம் சட்டப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கின்றன.

நம் இலக்கியக் கூட்டங்களில் ஐரோப்பா என்றாலே தனிமனித உரிமையின் தாயகம் என்று பேசும் வழக்கம் உண்டு. அந்தப் பேச்சில் உண்மை இல்லாமலில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2004இல் இயற்றிய 38ஆம் நெறியாணையை எடுத்துக்கொள்வோம். ஒன்றியத்தின் குடிமகன் ஒருவன் வேறொரு உறுப்பு நாட்டுக்கு வேலைக்குப் போனால், அவனுடைய மனைவி எந்த நாட்டவளாயினும் அவனோடு அங்கே வாழலாம், வேலை செய்யலாம், சொந்தமாகத் தொழிலும் நடத்தலாம். வேலை செய்யும் உரிமையை 23ஆம் பிரிவு ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறது. வதிவிட அட்டை கைக்கு வரவில்லை என்பதைக் காரணம் காட்டி அந்த உரிமையை மறுக்கவும் கூடாது.

இவ்வளவு நல்ல சட்டத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. அது மூன்றாம் பிரிவிலேயே இருக்கிறது. தன் சொந்த நாட்டை விட்டு வேறொரு உறுப்பு நாட்டுக்குப் பெயர்ந்தவனுக்கே இந்த நெறியாணை பொருந்தும். பிறந்த ஊரிலேயே இருந்து பிழைப்பவனுக்கு அவனவன் நாட்டுச் சட்டந்தான் கதி.

இதன் பொருளைப் பெர்லினில் வைத்துப் பார்ப்போம். ஒரே தெருவில் வேலை பார்க்கும் இருவர். ஒருவர் பிரெஞ்சுக்காரர், மற்றவர் ஜெர்மானியர். இருவரும் சென்னைப் பெண்களை மணந்தவர்கள் என்று கொள்வோம். பிரெஞ்சுக்காரரின் மனைவி ஒரு ஜெர்மன் சொல்லும் அறியாமல் பெர்லினில் வந்து இறங்கலாம். ஜெர்மானியரின் மனைவியோ, 2007இல் வந்த விதிப்படி, சில விலக்குகள் தவிர, புறப்படுவதற்கு முன்பே தொடக்கநிலை ஜெர்மன் தேர்வில் தேறிச் சான்றிதழ் காட்ட வேண்டும். ஜெர்மானியரின் மனைவி ஜப்பானியராகவோ அமெரிக்கராகவோ இருந்தால் அந்தத் தேர்வும் வேண்டாம். மொழி தெரியாமல் அயல்நாட்டில் வாழ்வது கடினம் என்னும் அக்கறையில் எழுந்த விதி இது என்கிறார்கள். சென்னைப் பெண்ணிடம் மட்டும் பொங்கி, டோக்கியோப் பெண்ணிடம் வற்றிப்போகும் அக்கறைக்கு என்ன பெயர் வைப்பது?

இந்த முரணை அம்பலத்துக்குக் கொண்டுவந்தவர்களுள் ஒருவர் ஓர் இந்தியர். பிரிட்டிஷ் பெண்ணை மணந்த சுரிந்தர் சிங் 1983 முதல் 1985 வரை மனைவியோடு ஜெர்மனியில் வேலை பார்த்துவிட்டு பிரிட்டன் திரும்பினார். பின்னர் அவரை நாடுகடத்த அந்த அரசு முனைந்தபோது வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போயிற்று. பிற உறுப்பு நாட்டில் பணிபுரிந்து தாயகம் திரும்பும் குடிமகளின் கணவனுக்கு, ஒன்றியச் சட்டம் மற்ற நாடுகளில் தரும் உரிமைகளை விடக் குறைந்த உரிமை இருக்கக்கூடாது என்று 1992இல் தீர்ப்பு வந்தது. அதன்பின் பிரிட்டிஷ் குடிமக்கள் பலர் சில மாதங்கள் அயர்லாந்திலோ வேறு நாட்டிலோ வேலை செய்துவிட்டுத் துணைவரோடு வீடு திரும்பினார்கள். டென்மார்க் 2002இல் துணைவர் இருவருக்கும் 24 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்று விதித்தபோது, டேனிஷ் இளைஞர்கள் பாலம் கடந்து ஸ்வீடனின் மால்மோவில் குடியேறினார்கள். தன் மனைவியோடு வாழ ஒருவன் தன் நாட்டை விட்டு ஓட வேண்டியிருக்கிறது என்றால், குடியுரிமை என்ற சொல்லுக்கு அங்கே என்ன மதிப்பு?

இந்த முரண் தற்செயலானதன்று. தொழிலாளியின் துணைக்கு வேலை செய்யும் உரிமையை ஐரோப்பியச் சமூகம் 1968லேயே தந்துவிட்டது. உழைப்பு எல்லை கடந்து தடையின்றிப் பாய வேண்டும். மனைவியைப் பிரிந்து போகத் தொழிலாளி தயங்குவான். ஆகவே மனைவியையும் அழைத்துக்கொள்ளட்டும் என்பதே கணக்கு. சந்தைக்குத் தேவைப்பட்டபோது திறந்த கதவு அது. அசையாமல் ஓரிடத்தில் உழைப்பவனால் அந்தச் சந்தைக்கு ஆவது ஒன்றுமில்லை. எனவே அவனுக்குக் கதவும் இல்லை.

அப்படி வீட்டிலேயே இருப்பவனுக்கு என்ன நேர்கிறது என்பதற்கு பிரிட்டன் சான்று. 2012இல் அந்நாடு, அயல்நாட்டுத் துணையை அழைக்க ஆண்டுக்கு 18,600 பவுன் வருமானம் வேண்டும் என்றது. 2024 ஏப்ரலில் அது 29,000 பவுனாக உயர்ந்தது. குறைந்தபட்ச ஊதியத்தில் வாரம் 40 மணி நேரம் வீதம் ஆண்டு முழுவதும் உழைப்பவராலும் இத்தொகையை எட்ட முடியாது. முதியோர் இல்லத்தில் பணிபுரிபவருக்கும் கடைச் சிப்பந்திக்கும் அயல்நாட்டில் காதல் கூடாது என்பதே இதன் பச்சையான பொருள். ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் வெளியேறிய பின் சுரிந்தர் சிங்கின் வழியும் அடைபட்டது.

துணைவர் அரசுக்குச் சுமையாகிவிடக்கூடாதே என்பார்கள். அந்த வாதத்தை அவர்களுடைய விதிகளே மறுக்கின்றன. அயல்நாட்டிலிருந்து விண்ணப்பிக்கும் துணைவர் அங்கே ஈட்டும் ஊதியமோ, பிரிட்டனில் அவருக்கு உறுதியாகியிருக்கும் வேலையோ பொதுவிதிப்படி கணக்கில் சேர்வதில்லை. வந்து சேர்ந்த பின் அவர் வேலை செய்யலாம், வரி கட்டலாம், பெரும்பாலான அரசு உதவித்தொகைகளைக் கேட்க மட்டும் முடியாது. உதவி பெறத் தகுதியே இல்லாதவர் எப்படிச் சுமையாவார்? உழைக்க வருபவரின் உழைப்பைக் கணக்கிலிருந்து அழித்துவிட்டு, இவர் சும்மா உண்ண வருகிறார் என்று குற்றம் சாட்டுவது எந்த ஊர் நியாயம்?

போலித் திருமணங்கள் பெருகும் என்பார் வேறு சிலர். மோசடியான திருமணத்துக்கு உரிமை மறுக்கலாம் என்று அதே 2004 நெறியாணையின் 35ஆம் பிரிவு சொல்கிறது. ஐயத்துக்கு இடமானவற்றைத் தனித்தனியே விசாரிக்கட்டும். அதற்காக வருமானத்தை அளப்பதேன்? ஏழையின் திருமணம் போலி, பணக்காரரின் திருமணம் மெய் என்று யார் சொன்னது?

அவர்கள் நாடு, அவர்கள் சட்டம். நமக்கேன் என்று நம்மவர்களே கேட்பதுண்டு. இவ்விதிகளால் முதலில் உரிமை இழப்பவர் அந்நாட்டுக் குடிமக்களே என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. அடுத்து இழப்பவர்கள் நம் வீட்டிலிருந்து போகும் பெண்களும் ஆண்களும். பேச நமக்கு இதைவிட என்ன உரிமை வேண்டும்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒன்றியச் சட்டம் தரும் நல்லுரிமையும் துணைவரின் சொந்த உரிமை அன்று. குடிமகனிடமிருந்து வழியும் நிழலுரிமை. மணமுறிவுக்குப் பின் அது நிலைக்க, பொதுவாகத் திருமணம் 3 ஆண்டுகளாவது நீடித்திருக்க வேண்டும்; அதில் ஓராண்டு அந்நாட்டில் கழிந்திருக்க வேண்டும். வீட்டு வன்முறைக்கு ஆளானவர்களுக்கு விதிவிலக்கு உண்டு. ஆனால் 2016இல் தீர்ப்பான ஒரு வழக்கைக் கேளுங்கள். ஜெர்மானியக் கணவனிடம் பிரிட்டனில் அடிபட்ட பாகிஸ்தானியப் பெண் அவர். மணமுறிவு வழக்குத் தொடங்கும் முன்பே கணவன் நாட்டை விட்டுப் போய்விட்டதால், அந்த விதிவிலக்கு அவருக்குப் பொருந்தாது என்றது ஐரோப்பிய நீதிமன்றம். பிள்ளைகளின் கல்வியுரிமையைப் பற்றிக்கொண்டே அவர் அங்கே வாழ வேண்டியிருந்தது. நீதிமன்றம் அந்த நிலையைத் தளர்த்த 2021 வரை ஆயிற்று. அடித்தவன் புறப்படும் நாளைப் பொறுத்து அடிபட்டவளின் உரிமை அமையுமானால், அதை உரிமை என்று அழைப்பது சொல்லுக்குச் செய்யும் துரோகம்.

கேட்க வேண்டியவை சிலவே. எல்லை தாண்டியவனுக்குத் தரும் குடும்ப உரிமையை வீட்டில் இருப்பவனுக்கும் தாருங்கள். வருமான வரம்பை எடுங்கள். எடுக்க மனமில்லையேல் துணைவரின் உழைப்பையும் அதில் சேர்த்து எண்ணுங்கள். மொழியை வந்த பிறகு கற்பியுங்கள். வாசலில் நிறுத்தித் தேர்வு வைக்காதீர்கள். வந்தவரின் வேலையுரிமையை அவர் பெயரிலேயே எழுதுங்கள்.

அடுத்த பருவத்தில் பொருளதிகாரத்தின் அந்தப் பகுதி மறுபடி வரும். மாணவர்கள் சிரிப்பார்கள். அவர்களைத் தடுக்க மாட்டேன். சிரித்து முடித்த பின், பெர்லினின் அந்த இரண்டு சென்னைப் பெண்களைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு, அடுத்த நூற்பாவுக்குப் போவேன்.