பட்டியல் கெடவில்லை, வரிதான் பிரியவில்லை

பாலிங், கோலக்கெட்டில் தோட்டங்களை விட்டுப் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்தவர்களில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். உங்கள் தோட்டத்துக் கோயில் உபயகாரர் பட்டியலோ, தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் பட்டியலோ யாரோ ஒருவரின் பழைய கணினியில் கிடக்கலாம். திறந்ததும் எல்லாப் பெயரும் ஒரே வரியாக நீண்டு ஓடினால், ‘கெட்டுப்போச்சு’ என்று அழித்துவிடாதீர்கள். பெயர்கள் பத்திரமாகவே இருக்கின்றன. வரி எங்கே முடிகிறது என்பதுதான் உங்கள் கணினிக்குப் புரியவில்லை.

தோட்ட ஆபீஸ் கிராணியின் தட்டச்சுப்பொறியை நினைத்துப் பாருங்கள். கைப்பிடியைத் தள்ளினால் இரண்டு வேலை நடக்கும்: தாளைத் தாங்கும் உருளை தொடக்கத்துக்குத் திரும்பும், தாள் ஒரு வரி மேலேறும். தொலையச்சுப் பொறிகளில் இவற்றுக்குத் தனித்தனிக் கட்டளைகள் இருந்தன. ஆஸ்கி குறியீட்டில் முதலாவதற்கு எண் 13, இரண்டாவதற்கு 10. விண்டோஸ் இன்றும் இரண்டையும் சேர்த்தே வரி முடிவில் வைக்கிறது. லினக்ஸுக்கும் இன்றைய மேக்குக்கும் 10 மட்டும் போதும். 2001இல் மேக் ஓஎஸ் எக்ஸ் வருவதற்கு முந்தைய மேக் 13ஐ மட்டும் வைத்தது. விண்டோஸின் நோட்பேட் மற்ற இரண்டு வகையையும் புரிந்துகொள்ளத் தொடங்கியது 2018இல்தான்.

கண்ணுக்குத் தெரியாத இந்த எண் வேறு தொல்லையும் தரும். விண்டோஸ் பட்டியலை லினக்ஸில் இன்னொரு பட்டியலோடு சேர்த்தால், வரி முடிவில் 13 ஒட்டிக்கொண்டே வரும். ‘முனியம்மா’ ஒருவரே இரண்டு பேராகக் கணக்கில் ஏறிவிடுவார்.

எண்டர் தட்டிக் கையால் வரி பிரிக்கும் பழக்கம் வேண்டாம் என்பேன். நூற்றுக்கணக்கான பெயர்களில் ஓரிடம் தவறினாலும் ஒருவரின் தந்தை பெயர் அடுத்தவருக்குப் போய்விடும். நோட்பேட்++ நிரலிலோ, ‘டாஸ்2யூனிக்ஸ்’ என்ற இலவசக் கருவியிலோ இந்த வேலை நொடியில் முடியும். அதற்கு முன் மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு நகல் எடுங்கள். மாற்றத்தை நகலில் மட்டும் செய்யுங்கள்.

எழுத்துகளே அலங்கோலமாகத் தெரிந்தால் அது வேறு நோய். யூனிகோட் பரவுவதற்கு முன் ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீடு வைத்திருந்தது. அதை வரி மாற்றம் தீர்க்காது. குறியீட்டு மாற்றி வேண்டும்.

படங்களுக்கு வரி மாற்றம் செய்யவே கூடாது. அங்கே 13, 10 என்பவை படத்தின் பகுதி. பிஎன்ஜி படத்தின் முதல் எட்டு பைட்டுகளில் இந்த எண்களை வைத்திருப்பதே, இப்படி யாராவது மாற்றிச் சேதப்படுத்தியிருந்தால் உடனே தெரிவதற்காகத்தான்.

கோயில் நிர்வாகத்தினரும் முன்னாள் மாணவர் சங்கத்தினரும் ஒரே முடிவுக்கு வரவேண்டும்: யூடிஎஃப்-8 குறியீடு, வரி முடிவுக்கு 10 மட்டும். இதை ஒரு சீட்டில் எழுதிக் கோப்போடு வையுங்கள். தோட்டம் கைமாறியது, லயம் இடிந்தது. அவற்றைத் தடுக்க நம்மால் முடியவில்லை. அங்கே வாழ்ந்தவர்களின் பெயர்களைக் காப்பாற்றுவது நம் கையில்தான் இருக்கிறது.