டீசல் டேங்குக்கு அடியில் தீ மூட்டுகிறவன் முட்டாளா?

மன்னார்புரத்தில் உட்கார்ந்துகொண்டு உறைபனியைப் பற்றி எழுதுகிறானே, இவனுக்கு வேறு வேலை இல்லையா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். மார்கழியில்கூட மதியம் பன்னிரண்டு மணிக்கு ரவுண்டானாவைக் கடந்தால் சட்டை நனைந்துவிடும் ஊர் இது. ஆனால் அந்த ரவுண்டானாவைச் சுற்றிப் போகிற லாரிகளைக் கொஞ்சம் கவனியுங்கள். நாமக்கல், சங்ககிரி வண்டிகள். நெற்றியில் நேஷனல் பெர்மிட். இன்றைக்கு இங்கே டீ குடிக்கிற டிரைவர் அடுத்த வாரம் பனிக்குள் நிற்கலாம்.

விஷயம் இதுதான். கடும் குளிரில் டீசல் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நிற்க, டிரைவர்கள் டேங்குக்கு அடியில் நெருப்பு மூட்டுகிற வீடியோக்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நம் வகுப்பிலும் ஒரு நாள் போட்டுப் பார்த்துச் சிரித்தார்கள். "படிக்காத ஆளுங்க, டேங்குக்குக் கீழேயே கொளுத்துறாங்க பாரு" என்று. எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் உறைவது பற்றி. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளையாகக் கட்டிக்கொள்ளும் இல்லையா? அம்மா அதை எடுத்து அடுப்பு ஓரத்திலோ வெயிலிலோ வைப்பார். டீசலும் ஏறக்குறைய அப்படித்தான். அதில் நீளமான சங்கிலி கொண்ட பாரஃபின்கள், அதாவது மெழுகு, கரைந்து கிடக்கிறது. குளிர ஆரம்பித்ததும் முதலில் டீசல் கலங்கலாகிறது. இன்னும் குளிர்ந்தால் அந்த மெழுகுத் துகள்கள் ஃபில்டரில் போய் அப்பிக்கொள்கின்றன. இன்னும் குளிர்ந்தால் மொத்தமும் கூழாகி, டேங்கைக் கவிழ்த்தாலும் ஊற்றாது.

இந்த மூன்று நிலைகளுக்கும் தனித்தனியாகச் சோதனைகள் உண்டு. அவற்றில் நடுவில் இருப்பதுதான் டிரைவருக்கு முக்கியம். 45 மைக்ரான் கம்பிவலை வழியாக 20 மில்லி டீசலை 60 விநாடிக்குள் உறிஞ்ச முடிகிறதா என்று பார்ப்பார்கள். முடியாமல் போகிற வெப்பநிலைதான் ஃபில்டர் அடைபடும் எல்லை. நமது இந்தியத் தரநிலை ஐஎஸ் 1460 சாதாரண டீசலுக்கு இந்த எல்லையைக் கோடையில் 18 டிகிரி, குளிர்காலத்தில் 6 டிகிரி என்று வைத்தது. கவனியுங்கள், மைனஸ் 6 இல்லை, பிளஸ் 6. திருச்சிக்கு இது தாராளம். திராஸுக்கு? அங்கே குளிர்காலத்தில் மைனஸ் 20க்குக் கீழே போவது சாதாரணம்.

டீசல் கூழாவது ஒரு பக்கம் என்றால், அது கூழாகாமல் இருந்தாலும் வண்டி கிளம்பும் என்று சொல்ல முடியாது. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது, காற்றை அமுக்கிச் சூடாக்கியே எரிக்கிறோம் என்று முதல் வருடத்திலேயே படித்திருக்கிறோம். அந்தக் காற்று உள்ளே போகும்போதே மைனஸ் 25 என்றால்? சிலிண்டர் சுவரும் ஐஸ் மாதிரி இருந்து, இருக்கிற சூட்டையும் உறிஞ்சிக்கொண்டால்? லே நகரம் சுமார் 3500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். அமுக்குவதற்கே காற்று குறைவு. போதாததற்கு பேட்டரியின் சக்தி குளிரில் பாதியாகக் குறைகிறது, இன்ஜின் ஆயில் தேன் மாதிரி கெட்டியாகிவிடுகிறது. செல்ஃப் மோட்டார் முனகிவிட்டு நின்றுவிடும்.

(இடையில் ஒரு துணுக்கு. ஆயில் டப்பாவில் 15டபிள்யூ-40 என்று போட்டிருக்கிறதே, அந்த டபிள்யூ என்பது "வெயிட்" என்றுதான் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது "விண்டர்". 15டபிள்யூ ஆயில் இன்ஜினைச் சுற்ற விடுமா என்று மைனஸ் 20 டிகிரியில் சோதிக்கிறார்கள், 5டபிள்யூவை மைனஸ் 30 டிகிரியில். நம் ஊர்க் கடையில் தொங்குகிற டப்பாவில் வாழ்நாளில் நாம் பார்க்கப்போகாத குளிருக்கு ஒரு எண்! :-))

எங்கள் தெருவில் ஒரு டிரைவர் மாமா இருக்கிறார். ஒரு ஜனவரியில் காஷ்மீருக்கு லோடு ஏற்றிப் போய் காஜிகுண்ட் பக்கம் ராத்திரி வண்டியை நிறுத்தியிருக்கிறார். காலையில் எழுந்து சாவியைத் திருப்பினால் ஒன்றும் நடக்கவில்லை. அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "ஃபில்டரைக் கழட்டுனா உள்ளே நெய் மாதிரி இருந்துச்சு தம்பி. கிளீனர் பையன் அழுவுறான். பக்கத்து வண்டி சர்தார்ஜிதான் ஸ்டவ்வைக் கொண்டாந்து வெச்சாரு. அதுக்கப்புறம் ராத்திரி இன்ஜினை நிறுத்துறதே இல்லை." இன்ஜினை விடிய விடிய ஓடவிட்டுத் தூங்குவதில் டீசல் எவ்வளவு வீண், கேபினுக்குள் புகை வந்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாமல் இல்லை. காலையில் வண்டி கிளம்பாவிட்டால் என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும்.

இதைச் சிரிக்கிறவர்களுக்கு இன்னொரு செய்தி. அமெரிக்க டீசல் ரயில் இன்ஜின்களைக் குளிர்காலத்தில் ராத்திரி முழுக்க ஓடவிடுவது நெடுங்கால வழக்கம். அவற்றின் ரேடியேட்டரில் உறையாமல் காக்கும் திரவம் இல்லை, வெறும் தண்ணீர்தான் என்பது காரணம். பொன்மலை டீசல் ஷெட்டுக்கு அந்தக் கவலை கிடையாது. கனடாவில் வினிபெக், எட்மன்டன் பக்கம் வாகனங்களின் முகப்பிலிருந்து ஒரு பிளக் வயர் தொங்கும். இன்ஜினுக்குள் ஒரு ஹீட்டர். வண்டி நிறுத்துமிடத்தில் வரிசையாக மின்சார சாக்கெட். தீ மூட்டுவதும் இதுவும் ஒரே இயற்பியல்தான். அவர்களுக்கு சாக்கெட் இருக்கிறது, நம் ஆளுக்கு ஸ்டவ் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதற்காகத் தீ மூட்டுவது நல்லது என்று நான் சொல்லவில்லை. டீசல் பெட்ரோல் மாதிரி குப்பென்று பிடிக்காது என்றாலும், ஏர் பிரேக் குழாய், வயரிங், கசிந்து கிடக்கும் கிரீஸ் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. உயிர் போகிற வேலை. என் கேள்வி வேறு: அந்த ஆளை அந்த நிலைமையில் யார் நிறுத்தியது?

டீசலில் மெழுகு இருப்பது நேற்றுக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. ஐரோப்பாவின் இஎன் 590 தரநிலை 1993ல் வந்தது. அதில் குளிர் நாடுகளுக்கென்றே தனி வகுப்புகள் உண்டு, கடைசி வகுப்பு மைனஸ் 44 வரை ஃபில்டரில் அடைக்காது. நம் நாட்டில் லடாக்கில் பொதுமக்களுக்குக் குளிர்கால டீசல் விற்கும் முதல் பங்க் எப்போது திறக்கப்பட்டது தெரியுமா? 2019 நவம்பர் 17. இந்தியன் ஆயில் பானிபட் சுத்திகரிப்பு ஆலையில் தயாரித்தது. மைனஸ் 33 டிகிரி வரை ஊற்று நிலை இழக்காது என்றார்கள். உள்துறை அமைச்சர் அமித் ஷா காணொளி மூலம் தொடங்கி வைத்தார். லடாக் யூனியன் பிரதேசமாகி சரியாக 17 நாள்! அதற்கு முன்னால் அங்கே குளிர் இல்லையா என்ன? தயாரித்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும், நல்ல வேலை. ஆனால் இத்தனை வருடம் லே, கார்கில் மக்கள் மண்ணெண்ணெய் கலந்துதான் வண்டி ஓட்டினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மண்ணெண்ணெய் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது கலப்படம். திருச்சியில் டீசலில் மண்ணெண்ணெய் ஊற்றினால் குற்றம். அதே காரியம் லேயில் பிழைப்பு. அமெரிக்காவில் அதற்குப் பெயர் "நம்பர் 1 டீசல்" கலவை, பங்கிலேயே விற்கிறார்கள். மண்ணெண்ணெயில் மெழுகு குறைவு என்பதால் உறைவது தள்ளிப்போகும், உண்மைதான். ஆனால் வழுவழுப்பும் குறைவு, பம்பும் நாசிலும் தேயும். ரேஷன் மண்ணெண்ணெயில் கந்தகம் அதிகம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டிகளின் புகை சுத்திகரிப்பு அமைப்பு 10 பிபிஎம் கந்தகத்துக்காகக் கட்டப்பட்டது. அதில் இதை ஊற்றினால் செலவு லட்சக்கணக்கில் போகும். ஆக, பழைய வண்டியோடு பழைய வைத்தியமும் போய்விட்டது. அந்தப் புது வண்டிகளில் ஊற்றுகிற யூரியாக் கரைசலே மைனஸ் 11 டிகிரியில் உறைந்துவிடும், அதற்கும் ஒரு ஹீட்டர் வைத்திருக்கிறார்கள் என்பது தனிக்கதை.

இன்னொரு சிக்கலை யாரும் பேசுவதாகத் தெரியவில்லை. லேயில் நல்ல டீசல் விற்பதால் லேயில் இருக்கும் வண்டிக்கு லாபம். கீழே சமவெளியில் டேங்க்கை நிரப்பிக்கொண்டு மேலே ஏறுகிற வெளியூர் லாரிக்கு? அதன் டேங்கில் இருப்பது சமவெளி டீசல். நல்ல பங்க்கைச் சேர்வதற்கு முன்பே கணவாயில் நின்றுவிடும். உறையாமல் தடுக்கும் மருந்து பாட்டில்கள் கிடைக்கின்றன, சரி. ஆனால் அவை மெழுகைக் கரைப்பதில்லை. துகள்கள் பெரிதாகச் சேராமல் தடுப்பதோடு சரி. உறைவதற்கு முன்பே ஊற்ற வேண்டும். உறைந்தபின் ஊற்றுவது தயிரான பிறகு பாலைக் காய்ச்சுவது மாதிரி. இதை நம் டிரைவருக்கு யார் சொன்னார்கள்? லைசென்ஸ் தேர்வில் கேட்கிறார்களா? நம் பாடப்புத்தகத்திலேயே டீசல் சுழற்சியின் வரைபடம் இருக்கிறது, மெழுகைப் பற்றி ஒரு பத்தி கிடையாது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மலையேறும் சாலைகள் தொடங்குகிற இடத்தில், உதம்பூரிலோ மணாலியிலோ, குளிர்கால டீசல் கிடைக்க வேண்டும். "இந்த டீசல் இத்தனை டிகிரி வரை தாங்கும்" என்று விலைக்குப் பக்கத்திலேயே ஓர் எண்ணை எழுதிப் போட வேண்டும். லோடு அனுப்புகிற முதலாளி நவம்பர் முதல் பிப்ரவரி வரை அந்த மருந்து பாட்டிலையும் படிக்காசோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். அந்த பங்க் பலகையில் இந்தி, பஞ்சாபியோடு தமிழிலும் ஒரு வரி இருந்தால் எங்கள் தெரு மாமாவுக்கு உபயோகமாக இருக்கும். அவர் இந்த டிசம்பரிலும் வடக்கே லோடு எடுக்கிறார்.