இல்லம் பேணல்: ஏட்டை அரிக்கும் வெள்ளிப்பூச்சி

சென்ற திங்கள் இப்பகுதியில் கறையானைப் பற்றி எழுதியிருந்தோம். அதனைப் படித்த அன்பர் சிலர், "எங்கள் அலமாரியில் புற்றுமண் சிறிதும் இல்லை, ஆயினும் புத்தகங்கள் அரிக்கப்படுகின்றன. காரணம் யாது?" என்று வினவியுள்ளனர். மும்பையில் மழை தொடங்கவிருக்கும் இவ்வேளையில், இஃது எல்லா இல்லத்தாருக்கும் பயன்படும் வினாவாதலின், இத்திங்கள் அதற்கே விடை கூறுவோம்.

இரவில் விளக்கேற்றியவுடன், குளியலறை மூலையிலிருந்தோ புத்தக இடுக்கிலிருந்தோ ஏதேனும் ஒன்று மீன்போல் நெளிந்து விரைந்து மறைகிறதா? அதுவே வெள்ளிப்பூச்சி. அரை அங்குல நீளம்; வெள்ளி நிறச் செதில்; சிறகு இல்லை; தலையில் இரண்டு உணர்கொம்புகள், வாலில் மூன்று மெல்லிய இழைகள். இது கடிப்பதில்லை, நோயும் பரப்புவதில்லை. மாவுப்பொருளும் சர்க்கரையுமே இதன் விருப்பு உணவு. புத்தகக் கட்டுமானப் பசையும், தாளும், கஞ்சியிட்ட துணியும் அதற்கு விருந்து.

நூல்களை அழிக்கும் பூச்சிகள் எல்லாவற்றையும் இராமபாணம் என்றே வழங்குவது நம் மரபு. எனினும் தடயம் வேறுவேறு. தாளை ஊடுருவி வட்டத் துளையிடுவது வண்டின் புழு. மண்பாதை அமைத்து வருவது கறையான். வெள்ளிப்பூச்சியோ தாளின் மேற்பரப்பைச் சுரண்டும். ஓரங்களை ஒழுங்கின்றி அரிக்கும். மஞ்சள் கறையும், மிளகுத்தூள் போன்ற எச்சமும் அதன் அடையாளங்கள்.

இப்பூச்சியை அழைத்து வருவது ஈரம். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டுக்கு மேற்பட்ட இடமே இதற்கு உகந்தது. சூன் முதல் செப்டம்பர் வரை இந்நகரம் அத்தகைய இடமே. உணவின்றிப் பல மாதங்கள் உயிர்வாழும். சில ஆண்டுகள் ஆயுள் கொண்டது. ஆகவே ஒருநாள் மருந்தடித்து ஓய்ந்துவிட்டால் பயனில்லை. ஈரத்தை நீக்காதவரை அது மீண்டும் வரும்.

ஊரைவிட்டு வந்த நம் இல்லங்களில் இதனால் விளையும் இழப்பு பெரிது. 1950ஆம் ஆண்டில் கல்கி இதழில் தொடங்கிய பொன்னியின் செல்வனை வாரந்தோறும் பிரித்தெடுத்துச் சேர்த்து, மாவுப்பசையிட்டுக் கட்டி வைத்த குடும்பங்கள் பல. அக்கதை இன்றும் கடையில் கிடைக்கும். ஓவியர் மணியத்தின் சித்திரங்களோடு பாட்டியார் தம் கையால் சேர்த்த தொகுதி எங்கே கிடைக்கும்? தாத்தாவின் கடிதங்களும், ஊர் நிலத்தின் பத்திரங்களும், பிள்ளைகளின் ஜாதகங்களும் அவ்வாறே. தமிழ்ப் பள்ளி அருகில் இல்லாத பிள்ளைக்குத் தாத்தாவின் கையெழுத்தே வீட்டுத் தமிழின் முதற்சான்று அன்றோ?

இனிச் செய்ய வேண்டியவை. வீடு மாற்றிய நாளில் மளிகைக் கடையிலிருந்து வாங்கி வந்த அட்டைப்பெட்டிகளை முதலில் அகற்றுக. அவற்றின் மடிப்புகளும் பசையும் இப்பூச்சிக்கு வீடும் உணவுமாம். இறுக மூடும் தகரப் பெட்டியோ பிளாஸ்டிக் பெட்டியோ போதும்; உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்களை இடுக. அலமாரியை மழைச்சாரல் படும் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வைக்க. ஒழுகும் குழாயை உடனே செப்பனிடுக. சுவரில் மாட்டிய படங்களின் பின்புறத்தையும் பார்க்க.

புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தூரிகையால் துடைத்து, நிழலில் காற்றாட வைக்க. கடும் வெயிலில் நெடுநேரம் வைத்தால் தாள் பழுத்து நொறுங்கும். பூச்சி புகுந்த நூலைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, குளிர்சாதனப் பெட்டியின் உறைநிலை அறையில், மைனஸ் 18 டிகிரியில், இரு வாரம் வைத்தால் பூச்சியும் முட்டையும் மடியும். வெளியே எடுத்தபின் ஒருநாள் கழித்தே பையைப் பிரிக்க வேண்டும். இன்றேல் நூலில் நீர் கோக்கும். புகைப்படங்களுக்கும் ஓவியங்களுக்கும் இம்முறை வேண்டா.

பூச்சியைப் பிடிக்கக் கண்ணாடிச் சீசா ஒன்று போதும். வெளிப்புறம் காகிதம் ஒட்டி, உள்ளே ரொட்டித்துண்டு இட்டு இரவில் வைக்க. காகிதத்தைப் பற்றி ஏறி உள்ளே விழும் பூச்சி வழுக்கும் கண்ணாடியில் ஏறி மீளாது. சுவர் வெடிப்புகளில் போரிக் அமிலத் தூளை மெல்லியதாகத் தூவலாம். குழந்தைகள் கைபடும் இடத்திலும் சமையலறை மேடையிலும் கூடாது. முட்டைகள் பின்னர் பொரிக்குமாதலால் சில வாரங்கள் கழித்து மீண்டும் தூவுக. வேப்பிலையும் வசம்பும் நம் முன்னோர் கையாண்டவை. நன்கு உலர்ந்தவற்றையே இடுக. ஆனால் இவற்றை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது. நாப்தலின் உருண்டையின் நெடி கைக்குழந்தைகளுக்குத் தீங்கு தரும். பிள்ளைத்துணியருகே அதனை வைக்க வேண்டா.

பருத்திச் சேலைகளைக் கஞ்சி போக அலசி உலர்த்தியபின் மடித்து வைக்க. காகிதக்கூழ்க் கொலுப் பொம்மைகளைச் செய்தித்தாளில் சுற்றிப் பரணில் ஏற்றும் வழக்கத்தை விட்டு, அலசிய மெல்லிய துணியில் சுற்றி மூடிய பெட்டியில் வைக்க.

மழைக்கு முன் வைகாசியில் ஒருமுறையும், கொலு கலைத்தபின் ஐப்பசியில் ஒருமுறையும் எல்லாப் பெட்டிகளையும் திறந்து பார்த்தல் நலம். அன்று பிள்ளைகளையும் உடன் அமர்த்திக்கொள்க. தூசு தட்டுவது அவர்கள் வேலையாகட்டும்; கடிதத்தைப் படித்துக் காட்டுவது நம் வேலையாகட்டும்.